படிக்கட்டு மாளிகை

எங்கள் ஊர்த் தமிழர் எவர் வீட்டு ஆல்பத்தைத் திறந்தாலும் அந்தப் படிக்கட்டு இருக்கும். சுவிஸ் மலையில் இருக்கும் எங்கள் லா ஷோ-து-ஃபோனில் இருந்து கீழே இறங்கிப் போனால் ஏரிக்கரையில் ஒரு பழைய மாளிகை. அதன் முன்னால் இரண்டு பக்கமாகப் பிரிந்து இறங்கும் கல் படிக்கட்டு. அதற்குக் கீழே அளவெடுத்துக் கத்தரித்த செடிவேலிகளும் ரோசாப் பாத்திகளும். சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான பெண்பிள்ளைகள் எல்லோரும் அந்தப் படிகளில்தான் சேலைத் தலைப்பை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளைமார் எல்லோரும் அங்குள்ள ஒரே தூணில்தான் சாய்ந்து நிற்பார்கள். மாளிகைக்கு நீளமான ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. அதைச் சொல்லி வாயைச் சுளுக்கிக்கொள்வானேன் என்று எங்கள் ஆட்கள் அதைப் படிக்கட்டு மாளிகை ஆக்கிவிட்டார்கள். தோட்டத்துக்குள் போகக் காசு இல்லை, வீட்டுக்குள் போக நுழைவுச்சீட்டு வேண்டும். ஆகவே வீட்டுக்குள் யாரும் போனதில்லை. அது யாருடைய வீடு, எந்தப் பணத்தில் கட்டியது என்று யாரும் கேட்டதும் இல்லை.

அம்மா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்பது வயது. அடுத்து வந்த வாரத்தில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்குவதாக இருந்தது. ஏற்றினால் முடி கொட்டும், முகம் மாறும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மருந்தை ஏற்றினாலும் அம்மா அடுத்த கோடையைக் காணமாட்டார் என்பதையும் சொல்லியிருந்தார்கள். இது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பதினாறு வயது அண்ணாவுக்கும் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் வயிற்றில் ஒரு கட்டி, மருந்தில் அது கரைந்துவிடும் என்பதுதான். தேநீரில் சீனிக்கட்டி கரைவது போலக் கரையும் என்று மிச்சத்தை நானே கற்பனை செய்துகொண்டேன்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. எங்கள் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அப்பா கடிகாரத் தொழிற்சாலையில் உறைகளைத் தேய்த்து மினுக்கும் வேலை செய்தார், அம்மா முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நின்றார். இருவருடைய பிரெஞ்சும் வேலைத்தலத்து வாசலோடு முடிந்துவிடும். அண்ணாவைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பான். அதனால் தபாற்கந்தோர், நகரசபை, பல் வைத்தியர், வீட்டுக்காரரின் முறைப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில் என்னைத்தான் நிறுத்துவார்கள். பெரிய மனுசி மாதிரி நின்று கதைப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னை விட்டுவிட்டு, வேறு ஊரில் இருந்து ஒரு அக்காவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அந்த அக்காவை விட எனக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். இதை நான் பலமுறை எடுத்துச் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி, அங்கே படம் எடுக்க ஏன் போனோம் என்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் தேநீரோடு இருந்து கைபேசியில் மரண அறிவித்தல்களைப் பார்ப்பார். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து உலகத்தின் எந்த மூலையில் செத்தாலும் படத்தோடும், உற்றார் உறவினர் அனைவரின் பெயரோடும் அங்கே வந்துவிடுவார்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அம்மா படங்களை விமரிசனம் செய்வார். ஒருவருக்குக் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள், கள்ளனைப் பிடித்து வைத்தது போல இருக்கும். இன்னொரு பெண்ணுக்கு ஏதோ கலியாணவீட்டுக் கூட்டத்தில் இருந்து வெட்டியெடுத்திருப்பார்கள், தோளில் யாருடையதோ கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

"இருக்கேக்க ஒரு நல்ல படம் எடுத்துவைக்க இவைக்கு ஆரும் இல்லையோ?" என்று அம்மா கேட்பார். நான் சிரிப்பேன். அந்தக் கைகளைத் தேடிப் பிடிப்பது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு விளையாட்டு. அந்த வருடம் வசந்தத்தில் அம்மா அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார், தேநீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஆக, அம்மாவுக்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. முடி இருக்கும்போதே, முகம் தன் முகமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாயிறு. அப்பா தொழிற்சாலை நண்பர் ஒருவரிடம் கமரா இரவல் வாங்கி வந்தார். எனக்கோ உல்லாசப் பயணம் போகிற சந்தோசம். இரவு முழுக்கச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

கீழே போகும் ரயில் வழியில் ஒரு சின்ன நிலையத்தில் நின்று, பிறகு வந்த பக்கமாகவே புறப்படும். மலைச்சரிவில் பாதை அப்படி. முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் பின்னோக்கிப் போகத் தொடங்குவார்கள். எனக்கு அது பெரிய வேடிக்கை. அம்மாவுக்கு அன்று அந்த இடத்தில் வயிற்றைப் பிரட்டியது. கையில் வைத்திருந்த பையை வாயருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்பா எழுந்து நின்றார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்துவிட்டார். அண்ணா காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். இவன் என்ன மனுசன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கருவியில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பதை எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவனே சொன்னான்.

மாளிகைத் தோட்டத்துக் கழிப்பறையில் வைத்து அம்மா கூறைச்சேலை உடுத்தார். தாலி கட்டிய அன்று உடுத்த அதே சிவப்புச் சேலை. பிளவுஸ் தொளதொளவென்று கிடந்தது. முதுகுப் பக்கத்தில் ஊசி ஊசியாகக் குத்தி இறுக்கும் வேலை எனக்கு. அம்மாவின் முள்ளந்தண்டு ஒரு சங்கிலி போல விரலில் தட்டியது. நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்றார். தலைக்கு எண்ணெய் பூசி, வகிடு எடுத்து, கொண்டை போட்டு, பொட்டு வைத்து, கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். எனக்குக் கால் வலித்தது.

வெளியே வந்ததும் அப்பா வழக்கம்போலப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். அம்மா நின்றுவிட்டார்.

"எத்தினை ஆல்பத்தில இந்த வீட்டைப் பாத்திட்டன். உள்ளுக்கு ஒருக்காப் போவம்."

"உமக்கு ஏலாது. மேல மாடி எல்லாம் கிடக்கு" என்றார் அப்பா.

"பிறகு எப்ப போறது?"

அப்பா சீட்டு வாங்கப் போனார்.

அங்கே இருந்த மூக்குக் கண்ணாடிப் பெண்மணி அம்மாவைக் கண்டு எழுந்தே விட்டார். இவ்வளவு அழகான உடுப்பு, இன்று கலியாண நாளா என்று கேட்டார். அப்பாவுக்கு 'கலியாணம்' மட்டும் விளங்கியது. ஓம் என்று தலையாட்டினார். உண்மையான காரணத்தைச் சொல்ல அவரிடம் பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. பெண்மணி கைகளைக் கூப்பாத குறையாக வாழ்த்தினார். அம்மா என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

இது என் வேலை அல்லவா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் கனகாலம் சந்தோசமாச் சேர்ந்திருக்க வேணுமாம்."

அம்மா அந்தப் பெண்மணியைப் பார்த்து 'மெர்சி' என்றார். நன்றாக, தெளிவாகச் சொன்னார். அப்பா சீட்டுகளைக் கீழே தவறவிட்டு, அவற்றைப் பொறுக்குவதற்குத் தேவையானதை விட அதிக நேரம் குனிந்திருந்தார்.

உள்ளே எல்லாமே மெழுகு மணத்தது. பெரிய கூடத்தின் சுவரில் வீட்டுக்காரியின் ஓவியம் இருந்தது. ஆள் உயரம். கறுப்பு உடுப்பு, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், தலை ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பின்னால் மரமோ மலையோ ஒன்றும் இல்லாத வெறும் நிறம். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அம்மா அதற்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். சீமாட்டி சாவதற்கு முந்திய வருடம் இது வரையப்பட்டது என்று இருந்தது. வாசித்தேன்.

"தெரிஞ்சுதான் வரைவிச்சிருக்கிறா" என்றார் அம்மா. அப்போதும் எழும்பவில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார், தன் கைகளை அதே மாதிரி மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். நான் வேறு அறைக்கு ஓடுவதும் வருவதுமாக இருந்தேன்.

மேல்மாடிக்கு ஏறுவதற்கு அப்பா ஒரு பக்கம், அண்ணா ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அந்த வீட்டுப் பணத்தின் கதையை வைத்திருந்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் கோப்பிக் கொட்டைகள், ஒரு சாக்கு, ஒரு கூடை, ஒரு வரைபடம். வரைபடத்தைக் கண்டதும் நான் கத்தினேன். மாங்காய் மாதிரி ஒரு தீவு. சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டால் நான் காட்டும் அதே தீவு. வீட்டுக்காரர் இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தாராம். அதில் வந்த காசில் இந்தக் கல், இந்தப் படிக்கட்டு, இந்த ரோசாப் பாத்தி எல்லாம். நாங்கள் வேறு ஒருவரின் அரண்மனையில் நின்று படம் எடுப்பதாக நினைத்திருந்தோம். அது ஓரளவுக்கு எங்கள் தீவின் வேர்வையால் கட்டியதுதான்.

சுவரில் ஒரு பெரிய புகைப்படம் இருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நாற்காலியில் இருக்கிறார். காலடியில் ஒரு நாய். பின்னால் கூடைகளோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சேலையை முட்டிவரை தூக்கிச் செருகி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் தமிழ்ப் பெண்கள். அம்மா கண்ணாடிக்கு மிகக் கிட்டப் போனார்.

"உது மலைநாட்டுச் சனம், எங்கடை ஆக்கள் இல்லை" என்றார் அப்பா. அந்தப் பெண்கள் எங்களிடம் ஏதோ உரிமை கேட்டுவிட்டது போல அவசரமாகச் சொன்னார். தோட்ட வேலைக்கு வந்த தமிழரைத் தம்மில் ஒருவராக எண்ணாதது எங்கள் ஆட்களின் பழைய வியாதி. நாடு கடந்து, கடல் கடந்து, மனைவி சாகப்போகிற நேரத்திலும் விடவில்லை.

"முகத்தைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றார் அம்மா. பிறகு என்னிடம் கீழே உள்ளதை வாசிக்கச் சொன்னார். வீட்டுக்காரரின் பெயர் முழுதாக இருந்தது. நாயின் பெயர் கஸ்தோர் என்று இருந்தது. அதற்குப் பிறகு 'தொழிலாளர்களுடன்' என்று முடிந்தது.

"இவையின்ர பேர்?"

"இல்லை அம்மா. நாய்க்கு மட்டும்தான் இருக்கு." எனக்கு அது பகிடியாக இருந்தது, சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த வரிசையின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலையில் கைபேசியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என்ர பேரைத் தமிழில ஒழுங்கா எழுதுவியோ?"

அண்ணா காதில் இருந்ததைக் கழற்றினான். அம்மாவைப் பார்த்தான். திரும்பி, அறையைக் கடந்து, மரப்படிகளில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டான். காவலுக்கு நின்றவர் எட்டிப் பார்த்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் எழுதத் தெரியாத வெட்கத்தில் ஓடுகிறான் என்று நினைத்தேன். இதுதான் சந்தர்ப்பம் என்று முன்னால் வந்தேன்.

"நான் எழுதுவன் அம்மா. நான் வடிவா எழுதுவன்."

"ஓம் பிள்ளை. நீ எழுது" என்றார் அம்மா. என் தலையில் கையை வைத்தார். ஏறிவந்த களைப்பில் என்னைப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து அசையாமல் நின்றேன்.

தோட்டத்துக்கு வந்ததும் அப்பா மறுபடியும் படிக்கட்டையே காட்டினார். வெயிலும் சரியாக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கேட்கவில்லை. செடிவேலிகளைத் தாண்டி, ரோசாக்களைத் தாண்டி, தோட்டக்காரர்கள் சாமான் வைக்கும் கொட்டில் வரைக்கும் போனார். அதற்கு வெள்ளை அடித்த வெறும் சுவர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போடச் சொல்லி, இருந்தார். கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். தலையைச் சற்றுத் திருப்பினார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் வந்து எடுக்கிற படிக்கட்டை விட்டுவிட்டு, மண்வெட்டி வைக்கிற கொட்டிலுக்கு முன்னாலா?

"இஞ்சேருங்கோ, மடிவரைக்கும் வந்தாக் காணும். பின்னால ஒண்டும் வரக்கூடாது" என்றார் அம்மா.

அப்பா கமராவைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். பார்த்தார். மறுபடி வைத்தார். எல்லாப் படமும் ஆடிப்போயிருந்தது. நாள் முழுக்கக் கடிகார உறைகளை மயிரிழை பிசகாமல் பிடிக்கிற கை, அன்று ஒரு கமராவைப் பிடிக்கமாட்டேன் என்றது. கடைசியில் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, ரோசாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவருக்கு ரோசாவில் என்ன திடீர் அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. செடிவேலிக்குப் பின்னால் அவருடைய தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

நானும் அம்மாவும்தான் மிச்சம். கமரா கனத்தது. அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். கிட்ட வா, கொஞ்சம் தள்ளு, வெயில் கண்ணில் படுகுதோ பார், பொட்டு நடுவில் இருக்குதோ பார். எல்லாம் சரி, ஆனால் சிரிக்க மாட்டேன் என்கிறாரே. நான் குரங்கு போல முகத்தைக் காட்டினேன். அப்பா குறட்டை விடுவதைச் செய்து காட்டினேன். அம்மாவின் வாயோரம் ஒருமுறை நடுங்கியது. சிரிப்பு வருகிறது, அடக்குகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் குறட்டை விட்டேன்.

"காணும் பிள்ளை, எடு" என்றார். "என்னைப் பாத்து எடு."

எடுத்தேன்.

கமராவின் திரையில் காட்டினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்தார். கண், பொட்டு, கைகள், பின்னால் வெள்ளைச் சுவர். யாருடைய கையும் தோளில் இல்லை. "நல்லா இருக்கு. இது போதும்" என்றார். அம்மா அவ்வளவு லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் அந்தப் படத்தின் பெருமையிலேயே இருந்தேன். அம்மாவின் முடி போனது, புருவம் போனது, சாப்பாடு போனது. நான் பள்ளிக்கூடத்தில் படத்தைக் காட்டித் திரிந்தேன். ஏன் இன்னும் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை என்று அம்மாவை நச்சரித்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அவசரப்படாதை. மாட்டத்தானே போறம்."

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் ஒரு விடிகாலையில் அம்மா செத்துப்போனார். அறிவித்தல் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த அம்மாவின் பெயர்தான் அதில் வந்தது. அண்ணா அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கணினியில் அடித்தான். வெள்ளைச் சுவர், கைகள், பொட்டு. உலகத்தின் எத்தனையோ மூலைகளில் யார் யாரோ தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பார்த்திருப்பார்கள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

நகரசபையின் சவச்சாலையில் அதே படம் பெரிதாக, சட்டம் போட்டு, மாலையோடு இருந்தது. பக்கத்தில் பெட்டிக்குள் அதே கூறைச்சேலையில் அம்மா. பெட்டிக்குள் இருந்தவரை நான் அதிகம் பார்க்கவில்லை, அவர் அம்மா மாதிரி இல்லை. படத்தில் இருந்தவர்தான் அம்மா. அதனால் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்று அதைத்தான் சொன்னார்கள். என்ன வடிவான படம், மகராசி மாதிரி இருக்கிறா, எங்கே எடுத்தது. படிக்கட்டு மாளிகையில் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சேலை கட்டிய ஒரு அன்ரி, அவரை எனக்குத் தெரியாது, அழுதுகொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"ஆர் எடுத்தது அண்ணை? உயிரோட பாக்கிற மாதிரிக் கிடக்கு."

அப்பா அதுவரைக்கும் அழவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு, மரம் போல நின்றார். கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் பதில் என்னுடையது அல்லவா. இத்தனை பேர் நடுவில், நல்ல தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான்தான் எடுத்தனான். அம்மா என்னைத்தான் பாக்கிறா."

அப்பா அப்படியே தரையில் இருந்துவிட்டார். ஒரு பெரிய மனிதர் அவ்வளவு சத்தமாக அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணா ஓடிவந்து அவரைப் பிடித்தான். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் பெரிதாகக் கதைத்துவிட்டேன், பெரியவரிடம் கேட்டதற்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன், அதற்குத்தான் இப்படி அழுகிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, காதுக்குள் மெதுவாக, இனிமேல் சொல்லமாட்டேன் அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன்.